நாலு முப்பத்தைந்து

புதிதாக நிரல் எழுத வருபவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை சில ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கிறது. ஓர் ஆண்டு பைத்தான், மறு ஆண்டு ஜாவா, இடையில் ஜாவாஸ்க்ரிப்ட், எப்போதாவது கோ. மொழிகள் மாறுகின்றன. எதிரில் அமர்ந்திருக்கும் முகங்கள் மாறுகின்றன. கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. மூன்றாம் நாள் மதியம் ஒரு பெண் கையைத் தூக்கி, "புள்ளி ஒன்றையும் புள்ளி இரண்டையும் கூட்டினால் புள்ளி மூன்று வரவில்லையே, ஏன்?" என்று கேட்பாள். ஐந்தாம் நாள் ஒருவன், "பட்டியலில் முதல் ஆளுக்கு ஏன் பூச்சியம் என்று எண் கொடுக்கிறோம்?" என்பான். அதற்கடுத்த வாரம், "நான் ஒன்றைத்தான் மாற்றினேன், இன்னொன்றும் சேர்ந்து மாறிவிட்டது" என்ற புகார் வரும்.

இவற்றை மொழியைப் பற்றிய கேள்விகள் என்றே நானும் வெகுநாள் எண்ணியிருந்தேன். அப்படியல்ல. பிரெஞ்சு கற்பவனுக்கும் ஜப்பானியம் கற்பவனுக்கும் ஒரே ஐயம் எழுமானால் அது அம்மொழிகளைப் பற்றியதாக இருக்க முடியாது. மனிதன் எண்ணும் விதத்திற்கும் எந்திரம் எண்ணும் விதத்திற்கும் இடையே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. எந்த ஊர்ப் பாலத்தின் வழியாகச் சென்றாலும் அந்த வாய்க்காலைக் கடந்துதான் ஆகவேண்டும். கடக்கும்போது எல்லோருடைய காலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறது.

இந்தக் கேள்விகளை நான் பொறுமையோடு எதிர்கொள்வதாக மாணவர்கள் சொல்வதுண்டு. அது இயல்பான பொறுமை அன்று. ஒருமுறை பொறுமையில்லாமல் பதில் சொன்னதற்கு நான் கொடுக்க நேர்ந்த விலை. அதைப்பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

2001 ஆம் ஆண்டு. படிப்பை முடித்துவிட்டு ஒரு சிறு நகரத்தில், நாலே பேர் கொண்ட ஒரு மென்பொருள் கடையில் வேலை பார்த்துவந்தேன். கடை என்றுதான் சொல்லவேண்டும். கீழே நகலெடுக்கும் நிலையம், மேலே நாங்கள். பக்கத்துக் கிராமம் ஒன்றின் பால் சங்கத்திற்கு விஷுவல் பேசிக்கில் ஒரு நிரல் எழுதும் வேலை எனக்குத் தரப்பட்டது. காலையும் மாலையும் வந்து பால் ஊற்றுபவர்களின் கணக்கை வைக்கவேண்டும். ஊற்றியவுடன் ஒரு சீட்டு அச்சாகி வரவேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா. அப்போது ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்றும், மொத்தம் எவ்வளவு என்றும் பதிவேடு தரவேண்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூன்று வாரத்தில் முடித்துக் கொடுத்தேன். பச்சை எழுத்தில் சங்கத்தின் பெயர் திரையில் மின்னியபோது செயலாளர் கைதட்டியது நினைவிருக்கிறது.

அச்சங்கத்தில் கணக்கெழுதும் பணியில் ஓர் அக்கா இருந்தார். கணவரை இழந்தவர். கணினி வருவதற்கு முன்பு பதினைந்து ஆண்டுகளாக நீளநோட்டில் கையால் எழுதிவந்தவர். கணினி வந்தபிறகும் அந்த நோட்டை அவர் விடவில்லை. "பழகிப்போச்சு தம்பி" என்று சொல்லி ஓரமாக எழுதிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்து எனக்குள் ஓர் இளக்காரம் இருந்தது என்பதை இப்போது மறைக்க வேண்டியதில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்தார். பட்டுவாடா செய்யும்போது கையில் பத்து ரூபாய் போலக் குறைகிறது என்றார். முதல் தடவை எங்கோ தவறவிட்டதாக நினைத்தாராம். அடுத்த பட்டுவாடாவிலும் அதே பத்து ரூபாய். நான் ஏதோ அவசர வேலையில் இருந்தேன். "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுக்கா. சில்லறை குடுக்கும்போது எங்கயாவது விட்டிருப்பீங்க. பாத்துக் குடுங்க" என்றேன். அவர் ஒரு நொடி பேசவில்லை. பிறகு, "சரிங்க தம்பி" என்று வைத்துவிட்டார். தம்பி என்பதற்கு முன்னால் அன்று புதிதாக ஒரு 'ங்க' சேர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பிற்பாடு பலமுறை கவனித்திருக்கிறேன்.

அதற்கு ஐந்து மாதம் கழித்து, அச்சுப்பொறி பழுது பார்ப்பதற்காக நான் அந்தச் சங்கத்திற்குப் போனேன். செயலாளர் ஓரமாக அழைத்து, கணக்கெழுதும் ஆளை மாற்றலாம் என்றிருப்பதாகச் சொன்னார். "பத்து ரூபாய் பெரிசில்லை. ஆனா ஒவ்வொரு பட்டுவாடாவிலயும் துல்லியமா அதே பத்து ரூபாய் எப்படிக் குறையும்? பத்து எடுக்கிற கை நாளைக்கு ஆயிரம் எடுக்கும். மெஷின்தான் கணக்குப் போடுது, மெஷின் பொய் சொல்லாதே" என்றார். என்னுடைய வாக்கியம் ஊர் சுற்றி என்னிடமே திரும்பி வந்திருந்தது.

அக்கா மேசையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் நீளநோட்டை எடுத்துப் பிரித்தார். பக்கத்தில் ஓர் உறுப்பினரின் இருபது சீட்டுகளை நூலில் கோத்து வைத்திருந்தார். "தம்பி, நான் படிச்சது எட்டாவது. எனக்குத் தெரியலே, நீங்க சொல்லுங்க. சீட்டுல நாலு முப்பத்தஞ்சுன்னு இருக்கு. பதிவேட்டுல நாலு முப்பத்திநாலுன்னு இருக்கு. ரெண்டும் உங்க மெஷின்லருந்துதான் வருது. ஏன்?" என்றார்.

அப்போது அந்தச் சங்கத்தில் லிட்டருக்கு 8.70 ரூபாய் என்று ஒரே விலை. அரை லிட்டருக்கு 4.35. சீட்டில் அச்சாகும்போது என் நிரல் அதை இரண்டு தசமத்திற்கு முழுமையாக்கி 4.35 என்றே காட்டியது. பதிவேட்டில் சேமிக்கும்போது பைசாவாக மாற்றுவதற்காக நூறால் பெருக்கி, புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிடும்படி எழுதியிருந்தேன். 4.35 ஐ நூறால் பெருக்கினால் 435. வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. எந்தப் பள்ளிப் பிள்ளையும் இதைச் சொல்லும். ஆனால் எந்திரத்திற்குள் அந்தப் பெருக்கலின் விடை 434.99999999999994. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டினால் 434. ஒரு லிட்டருக்கும் இதே கதி, 870 பைசா 869 ஆகியிருந்தது. அரை லிட்டரும் ஒரு லிட்டரும் ஊற்றும் வீடுகள் ஐம்பது. பத்து நாளில் இருபது வேளை. வேளைக்கு ஒரு பைசா. ஐம்பது வீட்டிற்குப் பத்து ரூபாய். மக்கள் சீட்டைக் காட்டி 87 ரூபாய் என்று கேட்டார்கள். பதிவேடு 86.80 என்றது. நடுவிலிருந்த இருபது பைசாவை ஏழு மாதமாக அக்கா தம் சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறார்.

எனக்கு அடிவயிறு சில்லிட்டது. இது ஏன் நிகழ்ந்தது என்பது எனக்குக் கல்லூரியில் சொல்லித் தரப்பட்டிருந்தது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

அவரிடம் எப்படி விளக்குவது? மேசையருகே பால் அளக்கும் கலங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அதையே எடுத்துக்கொண்டேன். "அக்கா, உங்ககிட்ட அரை லிட்டர் கலம் ஒண்ணு, கால் லிட்டர் ஒண்ணு, அதில பாதி ஒண்ணு, அதிலயும் பாதி ஒண்ணு, இப்படியே பாதிபாதியா எத்தனை கலம் வேணுமோ அத்தனையும் இருக்கு. ஒவ்வொண்ணையும் ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். இப்ப லிட்டர்ல பத்தில் ஒரு பங்கு அளந்து குடுங்க" என்றேன். அவர் விரல்களை மடக்கிக் கணக்கிட்டார். பதினாறில் ஒன்று போட்டால் குறைகிறது. முப்பத்திரண்டில் ஒன்றைச் சேர்த்தால் நெருங்குகிறது, இன்னும் குறைகிறது. அறுபத்துநாலில் ஒன்றைச் சேர்த்தால் வழிந்துவிடுகிறது. அதை விட்டுவிட்டு இருநூற்று ஐம்பத்தாறில் ஒன்று... "முடியவே முடியாது போலிருக்கே தம்பி. கிட்டக் கிட்டப் போகுது, ஆனா சேரல" என்றார். அவ்வளவுதான். பதினாறு வாரப் பாடத்தை அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

எந்திரத்திடம் இருப்பது பாதிபாதியாகக் குறையும் கலங்கள் மட்டுமே. அரையை, காலை, அரைக்காலை அது பிசகின்றி வைத்துக்கொள்ளும். பத்தில் ஒன்றை வைத்துக்கொள்ளவே முடியாது. நாம் மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதப்போனால் 0.3333 என்று முடிவின்றி நீள்வதைப் போலத்தான் இதுவும். எங்கோ ஓரிடத்தில் நிறுத்தியாகவேண்டும். எங்கே நிறுத்துவது, எப்படி முழுமையாக்குவது என்று எந்திரத்துக்கு எந்திரம் வேறு வேறு வழக்கம் இருந்த குழப்பத்தை ஒழுங்குபடுத்தி 1985 இல் ஒரு பொதுத்தரம் உண்டாயிற்று. ஐஇஇஇ 754 என்பது அதன் பெயர். அதற்கு முதன்மையாக உழைத்த வில்லியம் கஹானுக்கு 1989 இல் டூரிங் விருது கிடைத்தது. இன்று சி, ஜாவா, பைத்தான், ஜாவாஸ்க்ரிப்ட் எதில் கேட்டாலும் புள்ளி ஒன்றும் புள்ளி இரண்டும் சேர்ந்து 0.30000000000000004 என்றே வருவது அதனால்தான். மொழியின் குற்றமன்று, அடியில் கிடக்கும் கலங்களின் இயல்பு.

பிற்காலத்தில் இதைப்பற்றித் தேடிப் படித்தபோது என் கூட்டத்தார் உலகெங்கும் இருப்பது தெரிந்தது. கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தை 1982 இல் ஒரு குறியீட்டெண்ணை 1000 என்று தொடங்கியது. ஒவ்வொரு பரிமாற்றத்தின்போதும் புதிதாகக் கணக்கிட்டு, மூன்று தசமத்திற்குப் பின் வருவதை முழுமையாக்காமல் வெட்டிக்கொண்டே வந்தார்கள். 1983 நவம்பரில் குறியீடு 524 க்கு இறங்கி நின்றது. பிழையைத் திருத்திக் கணக்கிட்டபோது அது 1098 ஆக இருக்கவேண்டியது. என் பால் சங்கத்தின் அதே கத்தி. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நடந்ததோ இதைவிடக் கொடியது. அங்கே காவலுக்கு நின்ற பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. பத்தில் ஒன்றை அதன் 24 பிட் இடத்தில் முழுதாக வைக்க இயலவில்லை. வெட்டப்பட்ட துணுக்கு ஏறக்குறைய நூறு மணிநேரத் தொடர் ஓட்டத்தில் மூன்றில் ஒரு வினாடியாக வளர்ந்துவிட்டது. அந்த இடைவெளியில் வந்துகொண்டிருந்த ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். தவறான இடத்தில் தேடி, ஒன்றும் இல்லை என்று அமைப்பு முடிவு செய்தது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

நம் பழைய கீழ்வாய் இலக்கங்களை இந்த வெளிச்சத்தில் பார்ப்பது எனக்கு விருப்பமான ஒரு விளையாட்டு. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்குகிறோமே, அவை இரண்டில், நாலில், எட்டில், பதினாறில் ஒன்று. எந்திரம் இவற்றை அட்சரம் பிசகாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. மூன்றிலும் ஐந்து ஒளிந்திருக்கிறது. மூன்றையும் எந்திரத்தால் பிடிக்க முடியாது. நம் முன்னோர் இரண்டின் வழியையும் ஐந்தின் வழியையும் சேர்த்துப் பின்னிய ஒரு முறையை வைத்திருந்தார்கள். இன்னொன்றும் உண்டு. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா என்று இருந்த காலத்தில் ரூபாய் அறுபத்துநாலு காலணாவாகப் பகுபட்டது. 1957 ஏப்ரல் முதல் தேதி நூறு நயா பைசா வந்தது. அணாக் கணக்கே நீடித்திருந்தால், காலணா வரையிலான தொகைகளில் என் நிரல் ஒருநாளும் பிசகியிருக்காது. அக்காவின் மேல் பழியும் விழுந்திருக்காது.

திருத்தம் என்னவோ மிக எளியது. பணத்தை அந்த வகை எண்ணில் வைக்கவே கூடாது. பைசாவாகவே முழு எண்ணில் வைக்கவேண்டும், அல்லது பணத்திற்கென்றே உள்ள வகையில் வைக்கவேண்டும். விஷுவல் பேசிக்கில் கரன்சி என்ற பெயரிலேயே அப்படி ஒன்று இருந்தது. நான்கு தசமம் வரை பிசகாதது. அலுவலகங்களுக்கென்று உருவான கோபால் மொழியில் தசமக் கணக்கு தொடக்கத்திலிருந்தே உண்டு. ஜாவாவிலும் பைத்தானிலும் தனி வகைகள் உண்டு. தெரியாமல் போனதல்ல என் குற்றம். கேட்டவருக்கு 'நீங்கள்தான் தவறு' என்று பதில் சொன்னது.

சொல்லிவிட்டேன். செயலாளரை அழைத்து அக்காவின் முன்னிலையிலேயே சொன்னேன். என் முதலாளி, "அடுத்த பதிப்பில் சரி செய்தோம் என்று சொல்லி முடி" என்றுதான் தொலைபேசியில் அறிவுரை கூறியிருந்தார். அதைக் கேட்கவில்லை என்பதை ஒரு வீரச்செயலாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்த நோட்டின் முன்னால் நின்றுகொண்டு வேறெதுவும் சொல்ல வரவில்லை. செயலாளர் சங்கடத்துடன் சிரித்து, "பத்து ரூபாய் விஷயந்தானே, விடுங்கம்மா, சங்கத்திலேருந்து குடுத்திடறோம்" என்றார். அக்கா சொன்னார்: "பணம் அப்புறம் இருக்கட்டுங்க. தீர்மானப் புத்தகத்தில எழுதுங்க. கணக்கில தப்பில்லேன்னு எழுதுங்க." எழுதினார்கள். அக்கா அதை ஒருமுறை தாமே படித்துப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தை மூடினார்.

மற்ற கேள்விகளுக்கு வருகிறேன். பூச்சியத்திலிருந்து எண்ணும் கேள்வி, பார்க்க வேடிக்கையானது. ஃபோர்ட்ரான் தன் போக்கில் ஒன்றிலிருந்து தொடங்கியது. லுவா, ஆர், ஜூலியா ஆகியவையும் அப்படியே. சி மொழியும் அதன் வழிவந்தவையும் பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றன. அங்கே எண் என்பது வரிசையில் எத்தனையாவது என்பதைச் சொல்வதில்லை, தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதைச் சொல்கிறது. முதல் வீடு தெருமுனையிலிருந்து பூச்சியம் வீடு தள்ளி இருக்கிறது. எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1982 இல் ஒரு சிறு குறிப்பு எழுதி, பூச்சியத்திலிருந்து தொடங்குவதே அழகு என்று வாதிட்டார். நமக்கு இதில் அவ்வளவு வியப்பு வேண்டியதில்லை. நம் ஊர்க் கட்டடங்களில் தரைத்தளத்திற்கு மேலே இருப்பதுதான் முதல் தளம். பிறந்த குழந்தையை, ஓர் ஆண்டு நிறையும்வரை ஒரு வயது என்று நாம் சொல்வதில்லை. 'முப்பது முடிந்து முப்பத்தொன்று நடக்கிறது' என்று சோதிடர் சொல்லும்போது இரண்டு எண்ணுமுறைகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். எண்ணுவது வேறு, அளப்பது வேறு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், வேலியில் ஒரு தூணைக் கூடுதலாக நடும் பிழை பாதி குறையும்.

'ஒன்றை மாற்றினேன், மற்றதும் மாறிவிட்டது' என்ற புகார் இன்னும் ஆழமானது. பைத்தானில் 'ஆ = அ' என்று எழுதினால் பட்டியலுக்குப் பிரதி எடுக்கப்படுவதில்லை. ஒரே வீட்டு வாசலில் இரண்டாவது பெயர்ப்பலகை மாட்டப்படுகிறது. ஜாவாவிலும் ஜாவாஸ்க்ரிப்டிலும் அப்படியே. ஸ்விஃப்ட்டில் பட்டியலைக் கொடுத்தால் பிரதியாகவே நடந்துகொள்ளும். பிரதி எடுத்துவிட்டோம் என்று நிம்மதியடைந்தவருக்கும் இன்னொரு வலை உண்டு. மேலோட்டமான பிரதியில் வெளிப்பட்டியல் மட்டுமே இரண்டாகிறது. உள்ளே இருப்பவை இன்னும் பொதுவில்தான் கிடக்கின்றன. பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி போல. வரப்பு போட்டாயிற்று, பட்டா தனித்தனி. ஆனால் கிணறு பொது. தம்பி மோட்டாரைப் போட்டால் அண்ணன் வயலுக்குத் தண்ணீர் இல்லை. இந்த உவமையை வகுப்பில் சொன்னால் கிராமத்துப் பிள்ளைகள் உடனே சிரிக்கிறார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிணற்றிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது.

இதன் மறுபக்கம்தான் 'இரண்டும் ஒன்றா' என்ற கேள்வி. ஜாவாவில் ஒரே எழுத்துகள் கொண்ட இரண்டு சொற்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் சில வேளை 'ஆம்', சில வேளை 'இல்லை' என்று வரும். அது சொற்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதில்லை, இரண்டும் ஒரே பொருள்தானா என்று பார்க்கிறது. ஒரே மாதிரி இருப்பதும் ஒன்றாக இருப்பதும் வேறு வேறு. இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற தாய்க்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

தமிழில் எழுதுபவர்களாகிய நமக்கென்றே ஒரு கேள்வி உண்டு. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும். பைத்தானையும் ஜாவாவையும் ஜாவாஸ்க்ரிப்டையும் கேட்டால் ஐந்து என்கின்றன. கோவும் ரஸ்ட்டும் நீளம் கேட்டால் பதினைந்து என்கின்றன. ஸ்விஃப்ட்டும் எலிக்சரும் மூன்று என்கின்றன. யாரும் பொய் சொல்லவில்லை. ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள், ஆகப் பதினைந்து. மனிதக் கண் சேர்த்துப் பார்க்கும் எழுத்துத் தொகுதிகள் மூன்று. பன்னிரண்டும் பதினெட்டும் இருநூற்றுப் பதினாறும் ஆய்தமும் சேர்த்து இருநூற்று நாற்பத்தேழு என்று நாம் ஓதிவந்த நெடுங்கணக்கிற்கு ஒருங்குறி ஒதுக்கியதோ 128 இடம் கொண்ட ஒரு கட்டம். அதிலும் எல்லா இடமும் நிரப்பப்படவில்லை. உயிர்மெய்யைத் தனி எழுத்தாக வைக்காமல் மெய்யோடு குறியை ஒட்டும் இஸ்கி முறையை அது பின்பற்றியது. அது சரியா என்று தமிழ்க் கணிமையாளர்கள் நெடுங்காலம் வழக்காடியிருக்கிறார்கள். அந்த வழக்கிற்குள் இப்போது போகவில்லை.

ஆனால் இதன் விளைவைச் சாதாரண மக்கள் அனுபவிக்கிறார்கள். பெயருக்கு முப்பது பைட்டு போதும் என்று யாரோ ஒரு நிரலாளர் எங்கோ முடிவு செய்கிறார். ஒன்பது எழுத்துக்கொண்ட 'மீனாட்சிசுந்தரம்' நாற்பத்தெட்டு பைட்டு. அட்டையில் 'மீனாட்சிசு' என்று அச்சாகி வருகிறது. இன்னொன்றும் நேர்வதுண்டு. 'கொ' என்ற எழுத்தை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியே அடுக்கியும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நேர்ப்படுத்தாமல் ஒப்பிடும் எந்திரத்திற்கு இரண்டும் வேறு. 'கொடி' என்று தேடினால் பட்டியலில் இருக்கும் கொடியே கிடைக்காமல் போகும். 'உங்கள் பெயர் பதிவில் இல்லை' என்று ஒருவரைத் திருப்பி அனுப்பும்போது, சன்னலுக்கு அப்பாலிருப்பவர் எந்திரத்தையே நம்புகிறார், எதிரில் நிற்கும் மனிதரை நம்புவதில்லை.

இல்லாத பொருளைக் குறிக்கும் 'நல்' என்பதைப் பற்றியும் எல்லா மொழிக்காரர்களும் கேட்பதுண்டு. 1965 இல் அல்கால் டபிள்யூ மொழிக்காக அதைக் கொண்டுவந்த டோனி ஹோர், 2009 இல் ஓர் உரையில் அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்றே குறிப்பிட்டார். செய்வதற்கு எளிதாக இருந்ததால் சேர்த்துவிட்டதாகவும் சொன்னார். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டதைப் படித்தபோது, பால் சங்கத்து மேசையருகே நின்ற அந்த இளைஞன்மேல் எனக்குச் சற்று இரக்கம் வந்தது.

இன்று இக்கேள்விகளுக்கு விடை தேட யாரும் என்னைப் போன்றவர்களிடம் வரவேண்டியதில்லை. கேட்ட மாத்திரத்தில் எந்திரமே பதில் சொல்லிவிடுகிறது, பெரும்பாலும் சரியாகவே. விடைகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கேள்வியைப் பற்றித்தான். 'இது ஏன் இப்படி?' என்று கேட்பதற்கு, எந்திரம் காட்டும் எண்ணைவிடத் தன் நோட்டில் இருக்கும் எண்ணை நம்பும் ஒரு மனம் வேண்டும். பதினைந்து ஆண்டு கையால் எழுதிய ஒருவருக்கு அந்த நம்பிக்கை இருந்தது. அது இருந்ததால்தான் இருபது சீட்டை நூலில் கோத்து வைத்துக்கொண்டு ஐந்து மாதம் காத்திருந்தார்.

ஆகவே மூன்றாம் நாள் மதியம் அந்தப் பெண் கையைத் தூக்கும்போது நான் பலகையில் உடனே எதையும் எழுதுவதில்லை. "நீ எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன, இரண்டையும் சொல்லு" என்கிறேன். அவள் சொல்கிறாள். பிறகு பாதிபாதியாகக் குறையும் பால் கலங்களைப் பலகையில் வரையத் தொடங்குகிறேன்.